தொட்டாலே திரும்பும் ஸ்டீயரிங்: சேர்த்துக் கட்டிய பழைய காரில் பவர் ஸ்டீயரிங்கை அடக்குவது எப்படி

பழைய காரின் பாடி ஒன்று, வேறொரு காரின் முன்பக்க சஸ்பென்ஷன், இன்னொன்றின் இன்ஜின், மூன்றாவது ஒன்றின் பவர் ஸ்டீயரிங் பம்ப். இப்படிச் சேர்த்துக் கட்டிய வண்டியை முதல்முறை வேகச் சாலைக்குக் கொண்டுபோகிற பலரும் சொல்வது ஒரே குறைதான்: வண்டியை நிறுத்தும்போது விரலால் திரும்புகிற ஸ்டீயரிங், 80 கி.மீ. வேகத்தில் பயமுறுத்துகிறது. கொஞ்சம் அசைத்தாலே வண்டி பக்கத்து லேனுக்குத் தாவுகிறது. கை எந்த நேரமும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, ஒரு மணி நேரத்தில் தோள் வலி வந்துவிடுகிறது.

இந்தக் குறையோடு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "பம்ப் பிரஷரை எப்படிக் குறைப்பது?" என்றுதான். நான் கடைசியில் தொடச் சொல்லும் இடம் அது. முதலில் வீல் கோணங்கள், பிறகு பம்ப்பிலிருந்து வரும் ஆயிலின் அளவு, அதற்கும் பிறகுதான் பிரஷர். இந்த வரிசையை மாற்றினால் வண்டி சரியாகாது. குறை எங்கே இருக்கிறது என்பதும் மறைந்துபோகும்.

எந்த வகைக் குறை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"ரொம்ப சென்சிட்டிவ்" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு குறைகள் ஒளிந்திருக்கும். ஸ்டீயரிங்கில் எடையே தெரியாமல் காற்றில் சுற்றுவதுபோல இருப்பது ஒன்று. இது ஹைட்ராலிக் உதவி அதிகம் என்பதற்கான அடையாளம். எடை சரியாக இருந்தும் கொஞ்சம் திருப்பினாலே வண்டி நிறையத் திரும்புவது இன்னொன்று. இது ஸ்டீயரிங் விகிதத்தின் விஷயம். நாம் எதுவும் செய்யாமலே வண்டி தானாக அலைவது மூன்றாவது. டயர், டோ (மேலிருந்து பார்க்கும்போது முன் வீல்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு), தேய்ந்த ஜாயின்ட் ஆகியவற்றைத் தேட வேண்டும். திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் நேருக்குத் திரும்பி வராமல் அப்படியே நிற்பது நான்காவது. காஸ்டர் (வீல் திரும்பும் அச்சின் சாய்வு) குறைவாகவோ எங்காவது இறுக்கமாகவோ இருக்கிறது.

ஒரே வண்டியில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். அப்போதும் ஒவ்வொன்றையும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இந்தக் குறிப்போடு ஒப்பிட்டுத்தான் முன்னேற்றத்தை அறிய முடியும்.

பெல்ட்டைக் கழற்றி ஒரு சோதனை செய்யலாம். பம்ப் பெல்ட் தனியாக இருந்தால் மட்டும் அதை எடுத்துவிட்டு, ஆளில்லாத திறந்த இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் கனமாக இருக்கும், எதிர்பார்த்ததுதான். 30 கி.மீ. வேகத்தில் ஒரு வளைவு எடுத்துப் பிடியைத் தளர்த்தினால் தானாக நேராகிறதா? ஆகவில்லை என்றால் குறை பம்ப்பில் இல்லை. அதே பெல்ட் தண்ணீர் பம்ப்பையும் சுழற்றினால் இந்தச் சோதனை வேண்டாம். பிரேக்குக்கு உதவி தரும் ஹைட்ரோபூஸ்டும் இதே பம்ப்பில் ஓடினால் கண்டிப்பாக வேண்டாம், பிரேக் உதவியும் சேர்ந்து போய்விடும்.

பம்ப்பைத் தொடும் முன்: டயர், ஜாயின்ட், கம்பி

டயர் காற்றைப் பாருங்கள். பழைய காருக்கு அகலமான புது வீல் போட்டிருந்தால் அதன் ஆஃப்செட்டையும் பாருங்கள். வீல் வெளியே தள்ளி நின்றால், டயர் தரையைத் தொடும் இடத்தின் மையத்துக்கும் ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம் கூடிவிடும். அப்போது சாலையின் ஒவ்வொரு பள்ளமும் கோடும் வீலைப் பிடித்து இழுக்கும். உதவி அதிகமுள்ள ஸ்டீயரிங்கில் இது தாவலாகவே தெரியும்.

அடுத்து வண்டியைத் தரையில் நிற்க வைத்தபடியே, ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் சின்னதாக ஆட்ட, இன்னொருவர் கீழே ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் கையை வைத்துப் பார்க்கட்டும். டை ராட் முனை, ஐட்லர் ஆர்ம், பால் ஜாயின்ட், வீல் பேரிங், ரேக்கைப் (ஸ்டீயரிங் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றி வீல்களைத் திருப்பும் பல் தண்டு அமைப்பு) பிடித்திருக்கும் புஷ். இதில் ரேக் புஷ்ஷைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரப்பர் புஷ் இளகியிருந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முதலில் ரேக் முழுவதும் பக்கவாட்டில் நகரும், பிறகுதான் வீல் திரும்பும். ஓட்டுபவருக்கு அது "முதலில் ஒன்றும் இல்லை, அப்புறம் திடீரென்று நிறைய" என்று தெரியும். அதையே பவர் ஸ்டீயரிங்கின் குறை என்று நினைத்துவிடுவோம்.

ஸ்டீயரிங் கம்பியிலுள்ள யூனிவர்சல் ஜாயின்ட்களையும் பாருங்கள். சேர்த்துக் கட்டிய வண்டிகளில் இன்ஜினைச் சுற்றிக் கம்பி வளைந்து போவதால் இரண்டு மூன்று ஜாயின்ட்கள் இருக்கும். ஒரு ஜாயின்ட்டின் கோணம் 30 முதல் 35 டிகிரியைத் தாண்டக் கூடாது. இரண்டு ஜாயின்ட் இருந்தால், நடுக் கம்பியின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். தவறினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் ஸ்டீயரிங் வேகமாகவும் இன்னொரு இடத்தில் மந்தமாகவும் திரும்பும். அந்த வேகமான இடம் நேர்நிலையில் வந்து அமைந்துவிட்டால் எந்தப் பம்ப்பை மாற்றியும் பயனில்லை. மூன்று ஜாயின்ட் இருக்கும் கம்பிக்கு நடுவில் ஒரு தாங்கு பேரிங் அவசியம்.

ரேக்குக்குப் பதிலாகப் பழைய வகை ஸ்டீயரிங் பாக்ஸாக (கியர் பெட்டி) இருந்தால், மேலே உள்ள செக்டர் திருகை மிகையாக இறுக்கிவிட்டார்களா என்று பாருங்கள். பிளே (தளர்ச்சி) போகட்டும் என்று இறுக்குவார்கள். நடுவில் சிக்கிக்கொண்டு நேருக்குத் திரும்பாமல் நிற்கும். பாக்ஸின் கையேட்டில் சொன்ன முறுக்குவிசையைத் தாண்ட வேண்டாம்.

காஸ்டர்: பாதி வைத்தியம் இங்கேதான்

சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் அது நேராக ஓடுகிறது. காரிலும் அதே சாய்வுதான் காஸ்டர்: பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது வீல் திரும்பும் அச்சின் மேல்முனை எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது. மேல்முனை பின்னால் இருந்தால் அது பாசிட்டிவ்.

1950கள், 60களின் பல கார்களுக்கு அன்றைய கையேடு காட்டும் காஸ்டர் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், சிலவற்றில் நெகட்டிவ்கூட. அதற்குக் காரணம் இருந்தது. உதவி இல்லாத ஸ்டீயரிங், பயஸ் டயர் (ரேடியலுக்கு முந்தைய வகை). காஸ்டர் கூடினால் நிறுத்தும்போது திருப்பவே முடியாது. இன்று அதே காரில் ரேடியல் டயரும் பவர் ஸ்டீயரிங்கும் வந்துவிட்டன, எண் மட்டும் பழையதாகவே இருக்கிறது. அலைன்மென்ட் கடையில் கம்ப்யூட்டர் அந்தப் பழைய எண்ணைக் காட்டும், வைப்பவரும் அதையே வைத்துப் பச்சை நிறம் காட்டி அனுப்பிவிடுவார். நீங்களே வாய் திறந்து கேட்க வேண்டும்: பவர் ஸ்டீயரிங்கும் தனித்தனி முன் சஸ்பென்ஷனும் உள்ள வண்டிக்கு 4 முதல் 6 டிகிரி வரை பாசிட்டிவ். குறைந்தது 3. முன்னால் நேர் ஆக்ஸில் உள்ள வண்டிக்கு 5 முதல் 7.

இந்தக் காஸ்டர் எப்படி வரும்? மேல் கன்ட்ரோல் ஆர்மின் ஷாஃப்ட் ஷிம்களில் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) நிற்கும் வகையாக இருந்தால், முன் போல்ட்டிலிருந்து ஷிம்மை எடுத்துப் பின் போல்ட்டில் சேர்ப்பதோ, ஷிம் எந்தப் பக்கம் அமர்கிறது என்பதைப் பொறுத்து அதற்கு நேர்மாறோ. 1974 முதல் 1978 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் டூவின் வடிவத்தில் செய்யப்பட்ட முன்பக்கமாக இருந்தால், மேல் ஆர்ம் நீள்துளையில் நகரும். அதைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டலாம். லீஃப் ஸ்பிரிங்கில் நிற்கும் நேர் ஆக்ஸிலுக்கு, ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புபோன்ற சரிவுத் தகடு வைக்கலாம். சில வண்டிகளில் இருக்கும் பாகத்தை வைத்து இவ்வளவு காஸ்டர் வராது. அப்போது சாய்வு உள்ளேயே அமைத்த மேல் ஆர்ம்களை வாங்கிப் போடுவது, பம்ப்பில் செலவழிப்பதைவிடச் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

வண்டியின் நிற்பைக் கடைசியாக மாற்றியது எப்போது என்றும் யோசியுங்கள். பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்து நிற்பது பார்க்க அழகு. ஆனால் முழு ஃபிரேமும் முன்னால் சாயும்போது காஸ்டரும் கூடவே குறைகிறது. வீல் பேஸ் 2,800 மி.மீ. உள்ள வண்டியில் பின்பக்கத்தை 50 மி.மீ. உயர்த்தினால் ஏறக்குறைய 1 டிகிரி காஸ்டர் போய்விடும். இருந்ததே 2 டிகிரி என்றால் பாதி போயிற்று. ஆகவே வண்டியின் உயரத்தை முடிவு செய்த பிறகே, எரிபொருளும் வழக்கமான சுமையும் இருக்கும் நிலையில் அலைன்மென்ட் செய்யுங்கள்.

டோவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மொத்தம் 1.5 முதல் 3 மி.மீ. டோ-இன் போதும். டோ-அவுட் கொஞ்சம் இருந்தாலும் வண்டி எந்தப் பக்கம் போவது என்று தேடிக்கொண்டே இருக்கும். பம்ப் ஸ்டீயர் (bump steer; ஆயில் பம்ப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை) மட்டும் இன்னும் கவனிக்க வேண்டியது. ரேக்கின் உயரம் தவறாக இருந்தால், சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போதெல்லாம் டை ராட் வீலைத் தானாகத் திருப்பும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு வீலை ஜாக்கியால் மேலும் கீழும் நகர்த்தி, டோ மாறுகிறதா என்று அளந்து பார்ப்பதே இதைக் கண்டுபிடிக்கும் வழி. மேடு பள்ளத்தில் மட்டும் வண்டி தாவுகிறது, வழவழப்பான சாலையில் சரியாக இருக்கிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்டீயரிங் வீலின் அளவு

அழகுக்காக 14 அங்குல ஸ்டீயரிங் வீல் மாட்டியிருக்கிறீர்களா? அந்தக் காலக் கார்களில் 16, 17 அங்குலம் சாதாரணம். 16லிருந்து 14க்கு மாறினால், விளிம்பில் கை நகரும் அதே தூரத்துக்கு வீல் 14 சதவீதம் அதிகமாகத் திரும்பும். அதாவது வேறெதையும் மாற்றாமலே ஸ்டீயரிங் அந்த அளவு துடுக்காகிவிடும். பெரிய வீலை ஒரு வாரம் மாட்டி ஓட்டிப் பாருங்கள். கழற்றி மாட்ட எளிதானது, திரும்ப மாற்றவும் எளிது. ரேக்கிலேயே சுற்றுகள் மிகக் குறைவாக இருந்தால், உதாரணமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டரைச் சுற்றுதான் என்றால், அது பந்தயத்துக்கு ஏற்ற விகிதம். உதவியைக் குறைத்தாலும் அந்த வேகம் போகாது. ரேக்கை மாற்றினால்தான் போகும்.

ஆயில் ஓட்டமும் பிரஷரும் ஒன்றல்ல

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் ஸ்டீயரிங் எடையில்லாமல் சுற்றுகிறதா? இப்போது பம்ப்புக்கு வரலாம். இங்கே வேலை செய்யும் முறையைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

ரேக்கிலோ பாக்ஸிலோ, ஸ்டீயரிங் கம்பி நுழையும் இடத்தில் ஒரு சுழல் வால்வு இருக்கிறது. அதன் நடுவே மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று, டார்ஷன் பார். நீங்கள் திருப்பும்போது அந்தக் கம்பி கொஞ்சம் முறுகும், அந்த அளவுக்கு வால்வின் சந்துகள் ஒரு பக்கம் குறுகும். குறுகிய சந்து வழியே ஆயில் பாயும்போது பிரஷர் எழுகிறது. அந்தப் பிரஷர் பிஸ்டனைத் தள்ளி உதவுகிறது. நேராக ஓடும்போது சந்துகள் எல்லாம் திறந்தே இருக்கும், ஆயில் சும்மா சுற்றி டேங்குக்குத் திரும்பும்.

குறுகிய சந்தில் எழும் பிரஷர், ஓடும் ஆயிலின் அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால், அதே அளவு திருப்பலுக்குக் கிடைக்கும் உதவி பாதிக்கும் கீழே, ஏறக்குறைய 44 சதவீதத்துக்கு இறங்கும். பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வோ, உச்ச அளவை எட்டும்போதுதான் வேலை செய்யும். ஓடாமல் நிற்கும் வண்டியில் வீலை முட்டும்வரை திருப்பினால் அந்த உச்சம் வரும். நேர்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை. பிரஷரை மட்டும் குறைத்தவர்கள், "நிறுத்தும்போது கனமாகிவிட்டது, சாலையில் அப்படியே இருக்கிறது" என்று சொல்வது இதனால்தான்.

பெரிய கார்களுக்காகச் செய்த ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) சாகினா பம்ப் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11 லிட்டர் தரக்கூடியது. மஸ்டாங் டூ வகைச் சின்ன ரேக்குக்கு 7 முதல் 8 லிட்டர் போதும். ஜி.எம். இன்ஜினும் ஃபோர்டு வகை ரேக்கும் சேர்ந்த வண்டிகளில் இந்தக் குறை இவ்வளவு அதிகமாக வருவதற்கு இந்த ஜோடியே காரணம். அந்தப் பம்ப் சுமக்கப் பிறந்த கார் கனமானது. நீங்கள் கட்டியது அதைவிட எவ்வளவோ லேசு.

பழைய காரின் அசல் பவர் ஸ்டீயரிங்கையே வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். 1951இல் கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் பவர் ஸ்டீயரிங்கை முதன்முதலாகப் பயணிகள் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பிறகு வந்த காலத்தில் ஒரு விரலால் திருப்ப முடிவதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். உங்கள் பாக்ஸ் பழுதாகாமலே அவ்வளவு லேசாக இருக்கலாம். அதற்குத் தடித்த டார்ஷன் பார் போட்டுப் புதுப்பித்த பாக்ஸ்கள் கிடைக்கின்றன. நடுநிலையில் கைக்கு எடை தெரிவது அந்தக் கம்பியின் தடிப்பால்தான் என்பதால், இது நல்ல தீர்வு, செலவுதான் கூடுதல்.

ஓட்டத்தைக் குறைக்கும் வேலை

சாகினா வகைப் பம்ப்பில், பிரஷர் ஹோஸ் மாட்டும் ஃபிட்டிங்கின் உள்ளே ஒரு சின்னத் துளை இருக்கும். வெளியே போகும் ஆயிலின் அளவை அந்தத் துளைதான் தீர்மானிக்கிறது. அதன் பின்னால் உள்ள ஸ்பூல் வால்வு (உள்ளே வழுக்கி நகரும் சின்ன உருளை), துளையின் இரு பக்கமும் உள்ள பிரஷர் வித்தியாசத்தை நிலையாக வைத்து, மிச்ச ஆயிலை உள்ளேயே திருப்பி அனுப்பிவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். முதலாவது, பம்ப் புல்லியைப் பெரிதாக்கினால் ஓட்டம் குறையும் என்பது ஐட்லிங்கில்தான் பொருந்தும். சாலை வேகத்தில் ஸ்பூல் ஏற்கெனவே அளவைப் பிடித்துவைத்திருக்கிறது. இரண்டாவது, ஹோஸின் நடுவில் எங்காவது அடைப்புத் தகடு வைப்பதும் வேலைக்காகாது. ஃபிட்டிங்குக்கு அப்பால் வைக்கும் தடை ஓட்டத்தைக் குறைக்காது, ஆயிலைச் சூடாக்கும், அவ்வளவுதான்.

ஆகவே சின்னத் துளையுள்ள ஃபிட்டிங்கை வாங்கி மாற்றுவதே சரியான வழி. பல அளவுகளில் விற்கிறார்கள். அவசரப்பட்டு மிகச் சின்னதை எடுக்காதீர்கள். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கம், உதவி ஓட்டத்தின் வர்க்கம். ஆக, விட்டத்தை 10 சதவீதம் குறைத்தால் ஓட்டம் 19 சதவீதமும் உதவி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும் குறையும். உதாரணத்துக்கு 4 மி.மீ. துளை 3.6 ஆனாலே அந்த வித்தியாசம் வந்துவிடும்.

வேலையைத் தொடங்கும்போது இன்ஜின் ஆறியிருக்கட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். டேங்கிலிருந்து ஆயிலை உறிஞ்சி எடுங்கள். கீழே ஒரு தட்டு வைத்து, பிரஷர் ஹோஸைக் கழற்றுங்கள். பிறகு பெரிய ஹெக்ஸ் ஃபிட்டிங்கைத் தளர்த்தும்போது ஒரு கையை அதன் மேலேயே வையுங்கள். பின்னால் ஸ்பிரிங் இருக்கிறது, ஸ்பூல் வெளியே நழுவி விழுந்து கீறல் பட்டால் பம்ப் கெட்டது. ஸ்பூல் எந்த முனை உள்நோக்கி இருந்தது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது துளைக்குள் தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். அழுக்கு இருந்தால் சுத்தமான ஆயிலால் கழுவுங்கள், உப்புத்தாள் மட்டும் கூடாது. பழைய ஃபிட்டிங்கின் பக்கவாட்டில் சிறு துளை இருந்தால் புதியதிலும் அது இருக்கிறதா, அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்து, புது ஓ-ரிங் போட்டு மாட்டுங்கள். பழைய ஃபிட்டிங்கைப் பத்திரமாக வையுங்கள்.

எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு ஒரு அடி வரம்பு உண்டு. திருப்பும்போது ரேக்கின் பிஸ்டன் நகர்ந்த இடத்தை ஆயில் நிரப்பியாக வேண்டும். பிஸ்டன் பரப்பு 10 சதுர செ.மீ., ஒரு சுற்றுக்கு ரேக் 5 செ.மீ. நகர்கிறது, நீங்கள் நொடிக்கு ஒன்றரைச் சுற்று சுழற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு நாலரை லிட்டர் அதற்கே வேண்டும். ஓட்டம் அதைவிடக் குறைந்தால், அவசரத்துக்கு வேகமாக ஒடிக்கும் அந்த நொடியில் ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகிவிடும். அதிக லேசாக இருப்பதைவிட இது ஆபத்து. ஹைட்ரோபூஸ்ட் பிரேக் உள்ள வண்டியில், அதன் தயாரிப்பாளர் கேட்கும் ஓட்டத்துக்குக் கீழே போகவே கூடாது.

சாகினா பம்ப் இல்லாதவர்களுக்கு, பிரஷர் ஹோஸுக்கும் ரிட்டர்ன் ஹோஸுக்கும் நடுவே மாட்டும் திருகு வால்வு உண்டு. கொஞ்சம் ஆயிலை ரேக்குக்குப் போகாமல் நேரே டேங்குக்குத் திருப்பிவிடும். வெளியிலிருந்தே திருகி அளவு வைக்கலாம் என்பது வசதி. ஆனால் பிரஷர் ஏறும்போது அதன் வழியே தப்பும் ஆயிலும் கூடுவதால், நிறுத்தும்போது உதவி கொஞ்சம் குறையும். லேசான வண்டிக்கு அது பெரிய குறையல்ல.

பிரஷரைக் குறைப்பது எப்போது

சாகினா பம்ப்பின் ரிலீஃப் பிரஷர் பொதுவாக 1,200 முதல் 1,500 பிஎஸ்ஐ. உங்கள் ரேக்கின் தயாரிப்பாளர் அதைவிடக் குறைந்த வரம்பு சொல்லியிருந்தால், சீல்களைக் காப்பாற்றவாவது குறைக்க வேண்டும். ஸ்பூலின் ஒரு முனையில் உள்ள சின்ன ஹெக்ஸ் திருகின் தலைக்கடியில் மெல்லிய ஷிம் சேர்த்தால் உள்ளே ஸ்பிரிங்கின் அழுத்தம் தளரும், பிரஷர் இறங்கும். உள்ளே குண்டுமணியும் சின்ன ஸ்பிரிங்கும் இருக்கும். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் செய்யுங்கள்.

எவ்வளவு இறங்கியது என்பதை ஊகிக்க வேண்டாம். பம்ப்புக்கும் ரேக்குக்கும் நடுவே அடைப்பு வால்வு உள்ள பிரஷர் கேஜை மாட்டி, வால்வை மூடிப் பாருங்கள். ஐந்து நொடிக்கு மேல் மூடி வைத்தால் பம்ப் எரிந்துபோகும்.

மற்ற வகைகள்

பழைய கார்வெட், 1960களின் மஸ்டாங் போன்றவற்றில் டை ராட் இணைப்பிலேயே ஒரு கன்ட்ரோல் வால்வும் தனி சிலிண்டரும் இருக்கும். அதில் முதலில் பார்க்க வேண்டியது வால்வின் நடுநிலை. முன் வீல்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, யாரும் வீலைத் தொடாமல் இன்ஜினை ஓட விடுங்கள். வீல் தானாக ஒரு பக்கம் ஓடினால், வால்வின் முனை மூடிக்குள் உள்ள நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அசையாமல் நிற்கும் இடத்தில் வையுங்கள். இந்தச் சோதனையை ரேக், பாக்ஸ் வண்டிகளிலும் செய்யலாம். தானாகத் திரும்பினால் அங்கே சுழல் வால்வு கெட்டிருக்கிறது, மாற்ற வேண்டும்.

கம்பியிலேயே மோட்டார் உள்ள மின்சார ஸ்டீயரிங்கைப் பொருத்தியிருந்தால் வேலை எளிது. கன்ட்ரோல் பெட்டியின் குமிழைக் குறைத்து வைக்கலாம். வேகத் தகவல் கொடுக்கும் இணைப்பும் இருந்தால் அதைக் கொடுத்துவிடுங்கள், வேகம் கூடும்போது உதவி தானாகக் குறையும். அந்த இணைப்பு இல்லாமல், நிறுத்த வசதியாகக் குமிழை முழுதாகத் திருப்பி வைத்துக்கொண்டு சாலையில் திண்டாடுபவர்களே அதிகம்.

காற்று நீக்கி, ஓட்டிப் பார்த்தல்

பம்ப்பைத் திறந்திருந்தால் காற்று புகுந்திருக்கும். தயாரிப்பாளர் சொன்ன ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். முன் வீல்களைத் தூக்கி, இன்ஜினை ஓட்டாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக இருபது தடவையாவது திருப்புங்கள். நடுவில் டேங்க் காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இன்ஜினை ஓட்டித் திரும்பச் செய்யுங்கள். முனையில் முட்டிய நிலையில் பிடித்து வைக்காதீர்கள். ஆயில் பால்போல நுரைத்தால் ஆறவிட்டு மறுபடி.

சாலைக்குப் போகும் முன் நின்ற இடத்திலேயே, ஐட்லிங்கில், ஸ்டீயரிங்கை வேகமாக இரு பக்கமும் சுழற்றுங்கள். நடுவில் எங்காவது கல்லாகிறதா? அப்படியானால் துளை சின்னதாகிவிட்டது, அடுத்த பெரிய அளவுக்குப் போங்கள். சரியாக இருந்தால் ஆளில்லாத நேர்சாலையில் 60 கி.மீ. வேகத்தில், கடிகாரமுள் ஒரு நிமிடம் நகரும் அளவுக்கு, அதாவது 6 டிகிரி மட்டும் திருப்பிப் பாருங்கள். கைக்கு எதிர்ப்பு தெரிய வேண்டும், விட்டதும் திரும்பி வர வேண்டும். லேன் மாற்றும்போது, முதல் திருப்பலுக்குப் பிறகு எதிர்ப்பக்கம் இன்னொரு திருத்தம் தேவைப்பட்டால் உதவி இன்னும் அதிகமாக இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். காஸ்டர் மாற்றிய அன்றே ஃபிட்டிங்கையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. காஸ்டரை மாற்றினால் டோவும் மாறும், ஆகவே அதை மறுபடி அளந்தே ஆக வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஃபிட்டிங்கில் கசிவு, டை ராட் பூட்டு நட்டுகள், ரேக் போல்ட்கள், ஸ்டீயரிங் கம்பியின் பூட்டுத் திருகுகள், பால் ஜாயின்ட் முனைகளின் ஸ்பிலிட் பின் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். கழற்றிய ஸ்பிலிட் பின்னைத் திரும்பப் போடாதீர்கள், புதியதைப் போடுங்கள்.